காட்டு வண்டியின் நன்னடத்தை

சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுப்பவன் கையில்தான் பூட்டு இருக்கும் என்பது கண்ணாடிக்காரரின் நம்பிக்கை. அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தெரியாத எழுத்தைத் தெரிகிறது என்று சாதிக்கிற மனிதர்களையே நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, யாரையும் நம்பாத குணம் தொழிலோடு வந்து ஒட்டிக்கொண்டது. அவர் மனைவி மாட்டு டாக்டர். மாடு பொய் சொல்லாது என்பதால் டாக்டரம்மாவுக்கு அந்தக் குணம் வரவில்லை. வண்டி வாங்கிய பிறகு வந்தது.

வண்டிக்கான தேவை உண்மையானது. ஊர் மலையடிவாரத்தில் இருந்தது, மாடுகள் மலைமேல் இருந்தன. தார்ச்சாலை பாதி மலை வரைக்கும் போய், அதற்கு மேல் போக மனமில்லாமல் ஒரு தண்ணீர்த்தொட்டிப் பக்கத்தில் நின்றுவிடும். அப்புறம் கல்லும் சேறும் ஓடையும்தான். டாக்டரம்மாவின் பழைய ஜீப் அந்தப் பாதையில் பல வருஷம் மாடாக உழைத்துவிட்டு, ஒரு நாள் ஓடையின் நடுவில் இரண்டாக உடைந்து உட்கார்ந்தது. முன்பாதியில் அவர் இருந்தார். பின்பாதியில் இருந்த மருந்துப் பெட்டி தண்ணீரோடு போயிற்று.

"ஹைப்ரிட் எஸ்.யூ.வி. ஒண்ணு பாத்து வச்சிருக்கேங்க. காடு மேடெல்லாம் போகுமாம்," என்றார் டாக்டரம்மா.

"ஹைப்ரிட்னா என்ன?"

"பெட்ரோலும் உண்டு, பேட்டரியும் உண்டு."

"அப்ப கெட்டுப்போறதுக்கு ரெண்டு வழி இருக்குன்னு சொல்லு," என்றார் கண்ணாடிக்காரர். ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார். சந்தேகப்படுவதற்காவது ஒருவர் கூடப் போக வேண்டும் அல்லவா.

ஷோரூமின் ஒரு சுவர் முழுக்க ஒரே படம். ஆடு ஏறவும் யோசிக்கும் செங்குத்தான மலை உச்சியில் அந்த வண்டி தனியாக நின்றது. நாலு பக்கமும் மேகம். பாதை என்று ஒன்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை. டாக்டரம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது எப்படி சார் அங்க ஏறுச்சு?"

"கிரேன்ல தூக்கி வச்சோம் மேடம்," என்றார் விற்பனை அதிகாரி. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமைதான் இருந்தது. "வண்டியில ஒரு கீறல் விழல."

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சாவி வாங்கப் போன அன்று இருவரையும் மேடையில் ஏற்றினார்கள். வண்டிமேல் போர்த்தியிருந்த வெல்வெட் துணியை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தூங்குகிற குழந்தையின் போர்வையை விலக்குவது போல் விலக்கினார்கள். ஊழியர்கள் வரிசையாக நின்று தாளம் தப்பாமல் கைதட்டினார்கள். ஓரமாக நின்ற ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வண்டிக்கும் அவரேதான் துடைத்தார். பிறகு டாக்டரம்மாவின் வலது கையைப் பிடித்து வண்டியின் மூக்கின்மேல் வைத்து, உறுதிமொழி சொல்ல வைத்தார்கள்.

"நான் இந்த வண்டியின் உரிமையாளர் அல்ல, பாதுகாவலர். இதன் திறமையை மதிப்பேன். இதன் திறமையை ஒருபோதும் சோதிக்க மாட்டேன்."

டாக்டரம்மா சொன்னார். கண்ணாடிக்காரர் வாயை மட்டும் அசைத்தார். பிறகு, "அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ சொல்லுங்க," என்று கேட்டார். விற்பனை அதிகாரி சிரிப்புக் குறையாமல் இன்னொரு தடவை சொன்னார். சிரிப்புக் குறையாததைக் கண்ணாடிக்காரர் மனதில் குறித்துக்கொண்டார்.

வண்டியைக் குறை சொல்லக்கூடாது. ஓடையைச் சாக்கடை தாண்டுவது போல் தாண்டியது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் அந்த வேகத்தையே மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்த்துக்கொண்டது. பெட்ரோல் பங்க்கில் டாக்டரம்மாவை மறந்தே போனார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பேட்டரியில் ஓடும்போது சத்தமே இல்லை. பழைய ஜீப் வருகிறது என்றால் அது வந்து சேர்வதற்கு வெகு முன்பே கன்றுக்குட்டிகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும்; அவற்றைத் துரத்திப் பிடிப்பதே பாதி வைத்தியம். இப்போது மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அசைபோடுவதைத் தொடர்ந்தன.

"நல்லா இருக்குங்க," என்றார் டாக்டரம்மா.

"சரி, நல்லா இருக்குன்னே வச்சுக்குவோம். எதுக்கு?"

"எதுக்குன்னா?"

"எதுக்கு இவ்வளவு நல்லா இருக்கு?"

டாக்டரம்மா அடுத்த மாட்டைப் பார்க்கக் கிளம்பினார்.

மாட்டுக்குப் பிடித்த மௌனம் மனிதர்களுக்குப் பிடிக்கவில்லை. மலைமேல் ஆட்டுப்பட்டி வைத்திருந்த பெரியவர் ஒருவர், திரும்பிப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் வண்டி நிற்பதைக் கண்டு கோலை ஓங்கிவிட்டார். "சத்தம் போடாம வர்றவன எங்களுக்குத் தெரியாதா டாக்டரம்மா? ஆடு திருடறவனும் அப்படித்தான் வருவான், வரி போடறவனும் அப்படித்தான் வருவான். நீங்க இதுல எது?" அதற்குப் பிறகு டாக்டரம்மா ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். கன்றுக்குட்டிகள் பழையபடி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

அதோடு வண்டி பேசியது. தார்ச்சாலையை விட்டுச் சக்கரம் இறங்கியதும், படித்த குடும்பத்துப் பெண்ணின் குரலில் கேட்டது: "தாங்கள் சாலையை விட்டு விலகுகிறீர்கள். இது தங்கள் விருப்பமா?" ஆமாம் என்று பொத்தானை அழுத்த வேண்டும். கொஞ்ச தூரம் போனதும், "இன்னமும் விருப்பமா?" என்று கேட்கும். ஒரு நாள், "காரணம் கேட்கலாமா?" என்றும் கேட்டது.

"மாடு கன்னு போடுது," என்று ஸ்டீயரிங்கைப் பார்த்துச் சொன்னார் டாக்டரம்மா.

"பதிவு செய்துகொள்கிறேன்," என்றது வண்டி.

யாருக்காகப் பதிவு செய்கிறது என்று அது சொல்லவில்லை. அன்றிலிருந்து வண்டிக்குள் வீட்டு விஷயம் பேசுவது நின்றது. நாத்தனார் விஷயம் ஏதாவது வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி, கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடிக்குப் போய் நின்று பேசி முடித்துவிட்டு வந்து ஏறினார்கள். கண்ணாடிக்காரர் மரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

முதல் சர்வீஸுக்கு வண்டியை விட்டபோது அதில் ஒரு சத்தமும் சேர்ந்திருந்தது. பேட்டரியிலிருந்து பெட்ரோலுக்கு மாறும் நேரத்தில், தொண்டையில் எதையோ விழுங்குவது போல 'க்ளக்' என்று ஒன்று. சர்வீஸ் சென்டரின் தரை நடுவே ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் பெட்ரோல் பிரிவு, அந்தப் பக்கம் மின்சாரப் பிரிவு. இரண்டு பிரிவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"சத்தம் கரண்டு பக்கத்துலேர்ந்து வருதுங்க," என்றார் பெட்ரோல் பிரிவின் தலைமை மெக்கானிக்.

வண்டியைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். ஓட்டிக்கொண்டு போக முடியாது. யார் ஸ்டார்ட் செய்வது என்பதில் தகராறு.

"கரண்டுக்குச் சத்தமே கிடையாதே மேடம். சத்தம்னாலே பெட்ரோல்தான்," என்றார் மின்சாரப் பிரிவுத் தலைவர், வெள்ளைக் கையுறையைக் கழற்றாமல்.

வண்டியை மறுபடி இந்தப் பக்கம் தள்ளினார்கள். டாக்டரம்மாவும் ஒரு கை கொடுத்தார். "ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு மாறும்போதுதாங்க வருது," என்று மூச்சு வாங்கச் சொன்னார்.

இரண்டு தலைவர்களும் முதல் முறையாக ஒரே பக்கம் பார்த்தார்கள். "அது கோட்டு மேல வர்ற சத்தம் மேடம். கோட்டுக்கு இன்னும் ஆள் போடல. கேட்டிருக்கோம்."

சாயங்காலம் வண்டி சத்தத்தோடேயே சர்வீஸ் சென்டர் வாசலுக்கு வந்தது. அதற்கு ஒரு பெயர் மட்டும் வைத்திருந்தார்கள்: இயல்பான உரையாடல்.

ஆனால் சாவியைத் தரவில்லை. சேவை ஆலோசகர் டாக்டரம்மாவைத் தனியாக ஒரு கண்ணாடி அறைக்குள் அழைத்து உட்காரவைத்தார். துக்கம் விசாரிக்கும் குரலில் பேசினார்.

"வண்டி கொஞ்சம் மனசு ஒடிஞ்ச மாதிரி இருக்கு மேடம்."

"வண்டியா?"

"நீங்க டாக்டர். நான் சொல்ல வேண்டியதில்ல. வாயில்லா ஜீவன்."

"அதுக்கு நல்லாவே வாய் இருக்கு. மலை ஏறும்போதெல்லாம் கேள்வி கேக்குது."

ஆலோசகர் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தார். அதில் ஒரு கைப்பிடி மண். "இது உங்க வண்டிக்கு அடியில இருந்துச்சு."

"சேறு."

"சேறுன்னு ஒத்துக்கறீங்க." அவர் பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஊழியரைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் சாட்சி சொல்லும் பாவனையில் தலையாட்டினார். "இதுல சாணமும் இருக்குன்னு எங்க ஆய்வுக்கூடத்துல சொல்றாங்க."

"இருக்கும். நான் மாட்டு டாக்டர்."

"உங்கள எங்க கம்பெனியோட நன்னடத்தைக் குழு கூப்பிட்டிருக்கு மேடம்," என்றார் ஆலோசகர். "பயப்படாதீங்க. உண்மையச் சொல்லிடுங்க."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது, கண்ணாடிக்காரருக்கு நியாயமாகக் கோபம் வந்திருக்க வேண்டும். அவர் முகத்தில் ஒரு நிம்மதிதான் தெரிந்தது. இவ்வளவு நாள் எங்கே, எங்கே என்று தேடிக்கொண்டிருந்த பூட்டு கடைசியில் கண்ணில் பட்டுவிட்டது.

நன்னடத்தைக் குழு ஒரு நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. நடுவில் தலைவர். அவருக்கு வலப்பக்கம் சட்ட ஆலோசகர். இடப்பக்கம் ஒருவர் மடியில் கணினியோடு இருந்தார். அவர் வண்டியின் தரப்பில் பேசுபவர் என்று அறிமுகப்படுத்தினார்கள்.

தலைவர் நல்ல மனிதர். பேசத் தொடங்கும்போதே அவர் குரல் தழுதழுத்தது.

"மேடம், இந்த வண்டிய உருவாக்க எத்தனை பேர் தூக்கம் இல்லாம உழைச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. பாறையில ஏறும். ஓடையில இறங்கும். மணல்ல போகும், சேத்துல போகும். இதெல்லாம் எதுக்குச் செஞ்சோம்? முடியும்னு காட்டறதுக்கு. நீங்க நெஜமாவே போயிட்டீங்க."

"போறதுக்குத்தானே சார் வாங்கினேன்?"

"நாங்க பயணத்த விக்கல மேடம். தகுதிய விக்கறோம். எங்க வாடிக்கையாளர்ல பெரும்பாலானவங்க கண்ணியமானவங்க. பிள்ளைய ஸ்கூல்ல விடுவாங்க. கடைத்தெருவுக்குப் போவாங்க. வாசல்ல நாலு பேர் பாக்கற மாதிரி நிறுத்துவாங்க. மலை ஏறக்கூடிய வண்டிய வச்சுக்கிட்டு மலை ஏறாம இருக்காங்களே, அந்த அடக்கம் இருக்கே, அதுக்குத்தான் நாங்க வண்டி செய்யறோம். எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. தூறல் போட்டாலே வெளிய எடுக்க மாட்டேன்."

வண்டியின் தரப்பில் பேசுபவர் தொண்டையைக் கனைத்தார். "என் கட்சிக்காரர் கேட்ட கேள்விக்கெல்லாம் இவங்க ஒரே பதிலத்தான் சொல்லியிருக்காங்க. 'மாடு கன்னு போடுது.' போன மாசமும் அதே. இந்த மாசமும் அதே. ஒரு மாடு எத்தனை தடவ கன்னு போடும்?"

"அது வேற வேற மாடுங்க," என்றார் டாக்டரம்மா.

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

டாக்டரம்மா படித்த படிப்பில் இந்தக் கேள்வி வரவில்லை.

அதுவரை பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர் எழுந்தார். "மரத்தடியில நாங்க பேசினதும் பதிவாயிருக்கா?"

"எந்த மரம்?" என்றார் தலைவர், ஆர்வத்தோடு.

கண்ணாடிக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்புக் கடுமையானதில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வண்டியைப் பறிக்கவில்லை. 'அடக்க நிலை'யில் வைத்தார்கள். அதாவது வண்டி எங்கிருந்தாலும் கம்பெனி தன் இடத்திலிருந்தே அதன் காதைத் திருகி வைக்கும். தார்ச்சாலையை விட்டு அது ஒரு முழம் இறங்காது. உரிமையாளரின் நடத்தை சீராகும் வரை ஒரு களக் கண்காணிப்பாளரும் கூடவே வருவார்.

கண்காணிப்பாளர் நடுத்தர வயது மனிதர். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. தினமும் காலையில் வந்து, பின்சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு டாக்டரம்மாவின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். டாக்டரம்மா வண்டியைத் தண்ணீர்த்தொட்டியோடு நிறுத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். முன்பு ஒரு காலைப்பொழுதில் முடித்த வேலைக்கு இப்போது ஒரு நாள் போயிற்று. கண்காணிப்பாளர் தொட்டிவரைதான் வருவார். அவருக்கு மாடு என்றால் பயம். அது அவருடைய சொந்த விஷயம் என்பதால் டாக்டரம்மா கிளறவில்லை.

ஒரு மத்தியானம் மேட்டு வீட்டு அக்கா போன் செய்தார். மலையில் கடைசி வீடு அவருடையது. புருஷன் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. துணைக்கு ஒரு செவலைப் பசு, அவ்வளவுதான்.

"பசுவுக்குப் பனிக்குடம் உடைஞ்சு ரொம்ப நேரமாச்சு டாக்டரம்மா. ஒரு காலு மட்டும் வெளிய தெரியுது. முக்கி முக்கிப் பாத்துட்டுப் படுத்துடுச்சு."

"அத எழுப்பாதீங்க. கால இழுக்காதீங்க. வந்துட்டே இருக்கேன்."

வண்டி மலைச்சாலையில் பறந்தது. அந்த விஷயத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர்த்தொட்டி வந்ததும் தானாகவே வேகம் குறைந்து, பூ வைப்பது போல் நின்றது.

"சாலை முடிந்தது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

டாக்டரம்மா பொத்தானை அழுத்தினார். விருப்பம் என்றார். அவசரம் என்றார். பின்னால் எடுத்து வேகமாக வந்து பார்த்தார். வண்டி தானே பிரேக் போட்டுக்கொண்டது. கம்பெனிக்குப் போன் செய்தார். எதிர்முனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவசரத்துக்கு அனுமதி உண்டு மேடம். அதுக்குக் குழு கூடணும்."

"எப்பக் கூடும்?"

"அடுத்த வாரம் மேடம். அவசரக் கூட்டம்ங்கறதால இவ்வளவு சீக்கிரம்."

டாக்டரம்மா திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார். "நீங்க சொன்னா இது கேக்குமா?"

"நான் கவனிக்கறதுக்குத்தான் மேடம் வந்திருக்கேன்."

"சரி, கவனிங்க. அந்தப் பெரிய பை உங்க பக்கத்துல இருக்கு. அதத் தூக்கிக்கிட்டுக் கவனிங்க."

இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டார். கண்காணிப்பாளர் வண்டியையும் பார்த்தார், மேலே ஏறுகிற முதுகையும் பார்த்தார். என்ன தோன்றியதோ, பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினார். ஓடையில் ஒரு ஷூ போயிற்று. கல்லில் முழங்கால் சிராய்த்தது.

பசு கொட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. கண் மேலே சொருகியிருந்தது. டாக்டரம்மா தோள் வரைக்கும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மண்ணில் குப்புறப் படுத்து, உள்ளே கை விட்டார். கன்றின் ஒரு முன்னங்கால் மடங்கிப் பின்னால் கிடந்தது, தலை பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மடங்கிய குளம்பைத் தாயின் சதை கிழியாமல் உள்ளங்கையில் பொத்தி, சிறிது சிறிதாக முன்னே கொண்டுவந்தார். தலையையும் நேராகத் திருப்பி, இரண்டு முன்னங்காலிலும் கயிறு கட்டினார். அதற்கே வெகுநேரம் பிடித்தது.

"கயிறப் பிடிங்க," என்றார் கண்காணிப்பாளரிடம். "நீங்களா இழுக்காதீங்க. அது முக்கும்போது மட்டும் இழுங்க."

"எனக்கு மாடுன்னா..."

"அதுக்கும் உங்களப் பாத்தா பயமாத்தான் இருக்கும். பிடிங்க."

அவர் பிடித்தார். பசு முக்கியபோது இழுத்தார், அது ஓய்ந்தபோது ஓய்ந்தார். கடைசியில் கன்று வழுக்கிக்கொண்டு அவர் மடியில் வந்து விழுந்தது. டாக்டரம்மா அதன் மூக்கைத் துடைத்தார், வாயில் விரல் விட்டு வழித்தார், பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார், வைக்கோலால் நெஞ்சைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிறுத்தினார்.

பசு தலையை நீட்டிக் கன்றை நக்கத் தொடங்கியது. யாரும் அதைத் தடுக்கவில்லை.

"தாய் பொழச்சிடுச்சுல்ல," என்றார் மேட்டு வீட்டு அக்கா. "அது போதும் டாக்டரம்மா. நீங்க என்ன செய்வீங்க. கொஞ்சம் முன்னாடி வர முடிஞ்சிருந்தா..." குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. வாயில் வந்ததைச் சொன்னார், முடிக்காமல் விட்டார்.

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வண்டி வரலம்மா," என்றார் கண்காணிப்பாளர்.

"ரிப்பேரா?"

கண்காணிப்பாளர் தன் சட்டையில் உறைந்துகொண்டிருந்த ரத்தத்தைப் பார்த்தார். "இல்லம்மா," என்றார். "நல்லாத்தான் இருக்கு."

அடுத்த வாரம் சொன்னபடியே அவசரக் கூட்டம் கூடியது. கண்காணிப்பாளர் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார். அலங்காரம் இல்லாமல் சொன்னார். "வண்டி மேல போயிருந்தா அந்தக் கன்னு உயிரோட இருந்திருக்கும் சார்," என்று முடித்தார்.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். உண்மையாகவே வருந்தினார். "மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நம்ம உத்தரவாதம் கன்னுக்குட்டிக்குக் கிடையாது. வண்டி போயிருந்தா வண்டி என்ன ஆயிருக்கும், அதையும் யோசிக்கணும்."

"என் கட்சிக்காரருக்கு ஒரு கீறல்கூட இல்ல," என்றார் வண்டியின் தரப்பில் பேசுபவர்.

சட்ட ஆலோசகருக்கு வேறு கவலை. "நம்ம ஊழியர ரோட்டுக்கு வெளிய பயன்படுத்தியிருக்காங்க. ஓடையில இறக்கியிருக்காங்க. கயிறு கட்டி இழுக்க விட்டிருக்காங்க. இனி அவரோட முழங்காலுக்குக் கம்பெனி பொறுப்பில்ல."

கண்காணிப்பாளர் குனிந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார். அது இவ்வளவு நாள் கம்பெனியின் பொறுப்பில் இருந்தது அவருக்குத் தெரியாது.

"ஆனா ஒரு நல்ல விஷயம்," என்று தலைவர் கண்ணைத் திறந்தார். முகம் மலர்ந்தது. "அடக்க நிலைக்கு வந்ததுலேர்ந்து வண்டியில பொட்டுச் சேறு இல்ல. எவ்வளவு பெரிய சோதனை வந்தும் தார் ரோட்ட விட்டு இறங்கல. இது ஒரு முன்மாதிரி. மேடத்துக்கு இந்த வருஷத்து நன்னடத்தை விருதக் குடுக்கலாம்னு நான் நினைக்கறேன்."

மேசையில் கைதட்டல் எழுந்தது. டாக்டரம்மா கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தார்.

"சார், இப்ப சொன்னத அந்தப் பசு வச்சிருக்கற அம்மாகிட்ட நீங்களே வந்து ஒரு தடவ சொல்றீங்களா?"

"தாராளமா வர்றேன் மேடம். வீடு எங்க இருக்கு?"

"தார் ரோடு முடிஞ்சதும், அதுக்கு மேல."

தலைவர் தன் இரண்டு பக்கமும் பார்த்தார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"அங்க எப்படிப் போறது?"

விருது வந்து சேர்ந்தது. கனமான பித்தளைத் தகடு. வண்டி டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி முற்றத்தில் நிலையாக நின்றுவிட்டது. மின்சாரம் போகிற நேரத்தில் அதன் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துத் தடுப்பூசிக் குளிர்பெட்டியை ஓட்டினார்கள். அந்த வேலையை அது மிகச் சிறப்பாகச் செய்தது. நகராமல் இருக்கும்வரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று அதைத் தடவிப் பார்த்து, "மலையெல்லாம் ஏறுமாமே?" என்றார்கள். "ஏறும்னு சொல்லித்தான் குடுத்தாங்க," என்பார் டாக்டரம்மா. கண்காணிப்பாளரைக் கம்பெனி கண்காணிப்பிலிருந்து எடுத்துப் பளபளப்புப் பிரிவில் போட்டது. அவர் விடுமுறை நாட்களில் மேட்டு வீட்டுக்குப் போய்ப் பசுவைப் பார்த்துவிட்டு வருகிறார் என்று கேள்வி.

டாக்டரம்மாவுக்கு மலை ஏறியாக வேண்டும். மேல் வீடுகளுக்கு மூட்டை சுமக்கிற ஒருவரிடம் கோவேறு கழுதை ஒன்று விற்பனைக்கு இருப்பதாகத் தெரிந்து, இருவரும் போனார்கள். கழுதைக்காரர் சிரிக்கவில்லை. அவர் முகம் சிரிப்பதற்கு ஏற்ற முகமாகவும் இல்லை. டாக்டரம்மா பல்லைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றில் காது வைத்துக் கேட்டார். முன்பெல்லாம் அதோடு முடித்திருப்பார். இப்போது நிமிர்ந்து நின்று கழுதைக்காரரை விசாரிக்க ஆரம்பித்தார்.

"இது போற வழியில கேள்வி கேக்குமா?"

"நான் கேட்டாலே அது பதில் சொல்லாதுங்க."

"தார் ரோடு முடிஞ்சா நின்னுடுமா?"

"தார் ரோடுதாங்க அதுக்கு ஆகாது. குளம்பு சுடும்."

"வித்ததுக்கப்புறம் நீங்க எங்கேயிருந்தாவது பாத்துக்கிட்டே இருப்பீங்களா?"

இப்போது கழுதைக்காரருக்கு இவர்கள்மேல் சந்தேகம் வந்தது. "வித்ததுக்கப்புறம் நான் எதுக்குங்க அதோட மூஞ்சியப் பாக்கணும்?"

"நிபந்தனை ஏதாவது உண்டா?"

கழுதைக்காரர் தயங்கினார். "ஒண்ணு இருக்கு."

"அதானே பாத்தேன்," என்று கண்ணாடிக்காரர் முன்னால் வந்தார்.

"பின்னாடி நிக்காதீங்க. ஒதைக்கும்."

அவ்வளவுதானா என்று டாக்டரம்மா கேட்டார். அவ்வளவுதான் என்றார் கழுதைக்காரர்.

இப்படி ஒளிக்காமல் முகத்துக்கு நேரே குறையைச் சொல்லி இதுவரை யாரும் அவர்களுக்கு எதையும் விற்றதில்லை. டாக்டரம்மா கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டார். கண்ணாடிக்காரரால் மட்டும் நம்ப முடியவில்லை. உண்மையிலேயே உதைக்கிறதா, இல்லை விற்பதற்காகச் சொல்கிறானா என்று பார்க்க, அவர் மெதுவாகப் பின்பக்கமாகப் போனார்.